வெள்ளவத்தைக் கடலும் ஹெந்தளை வள்ளமும்

கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் குடியிருக்கும் சனங்கள், வெயிலில் ஒரு மைல் நடந்து வந்து, சீலையில் வரைந்த கடலுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கொட்டாஞ்சேனையில் அது வழமை. அந்த வழமையில்தான் என்னுடைய சாப்பாடும் இருந்தது.

ஒரு படப்பிடிப்பு ஸ்டூடியோவில் எனக்கு 'டச்சிங்' வேலை. படம் பிடித்த கண்ணாடித் தட்டைச் சாய்வு மேசையில் வைத்து, பின்னால் இருந்து வெளிச்சம் விழச் செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகங்களைத் திருத்துவேன். அம்மைத் தழும்பு மறையும், இரட்டை நாடி ஒற்றையாகும், ஐம்பது வயது கிளாக்கருக்கு நாற்பது வயதாகும். கொழும்பில் பாதிப் பேரை அழகாக்கியவன் நான் என்று சொன்னால் அது பெருமையில்லை, உத்தியோக விபரம். ஆனால் யாரும் என்னை ஓவியன் என்று சொன்னதில்லை. "டச்சிங் மாஸ்டர்" என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்டூடியோவில் ஒரேயொரு பின்திரை இருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. சலவைக்கல் படிக்கட்டு, பூச்சாடி, ஒரு குளம், குளத்தில் இரண்டு அன்னங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், தெருமுனைப் புடைவைக் கடை முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் அந்தக் குளக்கரையில்தான் நின்றார்கள். எத்தனையோ வருசம் சுருட்டியும் விரித்தும் ஒருநாள் சீலை நடுவில் கிழிந்தது. ஓர் அன்னத்துக்குக் கழுத்துப் போய்விட்டது.

இதுதான் தருணம் என்று நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். நன்றாக விழுந்த படமெல்லாம் தேவனின் கிருபை, பழுதான படமெல்லாம் என் பிழை என்று நம்புகிறவர்.

"நான் ஒரு சீன் வரைஞ்சு தாறன், முதலாளி. நம்மட கடல். நம்மட வள்ளம். எங்கட சனங்கள் சீமைக் குளத்துக்கு முன்னால நிண்டது போதும்."

"ஆருக்கடா தம்பி நம்மட கடல் வேணும்? அதை அவன் சும்மா பாக்கிறானே!"

கெஞ்சி, முறைத்து, மூன்று நாள் பேசாமல் இருந்து, கடைசியில் சம்மதம் வாங்கினேன். கிறிஸ்மஸ் கலியாணங்கள் முடியும்வரை தவணை. சனங்களுக்குப் பிடித்தால் இனி ஸ்டூடியோவின் திரைகள் எல்லாம் என் கை. பிடிக்காவிட்டால் அன்னத்தின் கழுத்தைத் தைத்துத் தொங்கவிட்டு, நான் என் பென்சிலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

கடலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தேன். காலையும் மாலையும் கோட்டைக்குப் போய்வரும் ரயிலில் கடற்பக்கத்து யன்னலோரம் இருந்து வந்தவன். மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து எட்டு வருசம் கடலைப் பார்த்தவனுக்கு அதைக் கரைத்துக் குடித்துவிட்டதாக ஒரு நினைப்பு. இத்தனைக்கும் முழங்காலுக்கு மேல் நனைய நான் கடலில் இறங்கியதில்லை.

இருந்தாலும் மனதிலிருந்து வரைந்தால் கதை கட்டுகிறான் என்பார்கள். ஸ்டூடியோக் கமெராவை அதன் முக்காலியோடு தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கீழே, கற்களில் அலை மோதிச் சிதறும் இடத்தில் நின்று, ஐந்து தட்டுகளைப் பாழாக்கி ஆறாவதில் ஓர் அலையைப் பிடித்தேன். நுரை உச்சியில் கிழிந்து பின்னால் பறக்கும் அலை. இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல அலை.

வள்ளத்துக்கு ஹெந்தளைக்குப் போனேன். அங்கே மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளம் அகப்பட்டது. இந்தக் கரையின் வள்ளத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உடல் ஒடுங்கலாக இருக்கும். தனியே விட்டால் புரண்டுவிடும். அதற்காக ஒரு பக்கத்தில் மாத்திரம் இரண்டு வளைந்த கொம்புகளை நீட்டி, அவற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டி மிதக்க விட்டிருப்பார்கள். மணலில் கிடந்த வள்ளம் ஆடவில்லை, அசையவில்லை. படம் ஊசி முனைபோல் விழுந்தது. பாய்தான் இல்லை. பாய் விரித்து ஓடுகிற வள்ளத்தைப் பிடிக்கப் பார்த்தால், தட்டில் ஈரத்துணியால் துடைத்த சிலேற்றுத்தான் கிடைத்தது. பாய்க்கு எங்கே போவது? எனக்கு அறை வாடகைக்குத் தந்த அம்மாவின் அலுமாரியில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. மூடியில் ஒரு சீமைப் படகு, பாய் நன்றாகப் பொம்மிக்கொண்டு நின்றது. அதை இரவல் வாங்கினேன்.

ஆக, கடல் வெள்ளவத்தை, வள்ளம் ஹெந்தளை, காற்று இங்கிலாந்து. ஸ்டூடியோக்காரனுக்கு இது பிழையாகத் தோன்றாது. ஒருவருடைய தலையை இன்னொருவருடைய கோட்டில் ஒட்டிப் படம் கொடுக்கிற தொழில் அது. ஒட்டு தெரியாவிட்டால் சரி.

சாம்பல் நிறத்தில் வரைந்தேன். விளக்குக் கரி, சுண்ணாம்பு, வச்சிரப் பசை. நீலம் படத்தில் வெளுத்துப்போகும் என்பதால் என் கடலில் ஒரு சொட்டு நீலம் கிடையாது. திரை முழுவதும் அலை எழும்பி வந்தது. வலது பக்கம், ஆளின் தோள் உயரத்தில், பாய் பொம்மிய வள்ளம். அதில் இரண்டு பேர். பெயர் போடக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆகவே நுரைக்குள் என் பெயரின் இரண்டு எழுத்துகளை ஒளித்து வைத்தேன்.

தொங்கவிட்ட அன்று முதலாளி இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"சப்பாத்து நனைஞ்சிடுமோ எண்டு இருக்கு," என்றார். அதற்குமேல் பாராட்ட அவருக்குத் தெரியாது. அந்தக் கிழமையே பாஸ்போட் படத்துக்கு வந்த ஒரு தோட்டத்துத் துரை, பிரம்பால் அலையைத் தொட்டுக் காட்டி நல்ல வார்த்தை இரண்டு சொன்னார். வள்ளத்தையும் புகழ்ந்தார். கவிழாமல் இருக்கத்தான் பக்கத்தில் கட்டை என்று நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். பிறகு இரண்டு நாள் நிலத்தில் கால் படாமல் திரிந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு கலியாணச் சோடி வந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே வந்திருந்தார்கள். மாப்பிள்ளை முகத்துவாரத்துக் கடற்தொழிலாளி. கோட்டு இரவல் என்பது தோளைப் பார்த்ததும் தெரிந்தது. பெண் வெள்ளை உடுப்பும் முக்காடுமாக, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஆட்களை நிறுத்துவது என் வேலை.

மாப்பிள்ளை கமெராவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்து நான் கொஞ்ச நேரம் விட்டேன்.

"மாஸ்டர், இதில காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"படத்தில காத்து அடிக்காது, தம்பி."

"அப்ப பாய் என்னத்துக்கு வீங்கி நிக்குது?"

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "பாயைப் பாத்தா காத்து இடப்பக்கத்தால வருகுது. கட்டை வலப்பக்கம் கிடக்கு. கட்டை எப்பவும் காத்து வாற பக்கம் நிக்க வேணும், மாஸ்டர். அதுதான் பாரம். மற்றப் பக்கம் நிண்டா, காத்து அமத்த அமத்தக் கட்டை முங்கும். முங்கினா வள்ளம் கவிழும். இவை ரெண்டு பேரும் இண்டைக்குக் கரைக்கு வரமாட்டினம்."

"தம்பி, இது படம்."

"ஓம், படம்தான். கலியாணப் படம். பின்னால ரெண்டு பேர் சாகக் கிடக்கினம், நான் முன்னால பூவோட நிக்கிறதோ? முந்தி இஞ்ச ஒரு அன்னம் இருந்ததெல்லே, அதைப் போடுங்கோவன்."

அன்னம்! துரை புகழ்ந்த கடலை ஒரு முகத்துவாரத்தான் தள்ளிவிட்டுக் கழுத்தறுந்த அன்னத்தைக் கேட்கிறான். என் முகம் சிவந்திருக்க வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தேன். இப்போது நினைத்தால், ஆடத் தெரியாதவன் யார் என்பதில் சந்தேகமில்லை.

அவர் சண்டை பிடிக்கவில்லை. தானாகவே வலப்பக்கம் நகர்ந்து, தன் தோளால் வள்ளத்தை மறைத்துக்கொண்டு நின்றார். பெண் அவருக்கு இடப்பக்கம் வந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எத்தனையோ தட்டுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் செலவழித்த வள்ளம். மாப்பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்து இடப்பக்கம் தள்ளி, பெண்ணைப் படத்தில் அவருக்கு வலப்பக்கம் வரும்படி நிறுத்தி, அவளுடைய தோளுக்கு மேலே வள்ளம் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. முதலாளி கமெராக் கண்ணாடியின் மூடியைக் கழற்றினார். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் கண் மெல்ல வலப்பக்கம் சரிந்ததை நான் கண்டேன். முகம் கமெராவுக்கு, கண் மட்டும் வள்ளத்துக்கு.

தட்டு பழுதென்று நினைத்தேன். முதலாளியோ பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு உருகிப்போனார்.

"பாரடா தம்பி! பொம்பிளையை எப்பிடிப் பாக்கிறான் எண்டு பார்! கண்ணை எடுக்க முடியேல்லை அவனுக்கு!"

உண்மைதான். பெண்ணின் கன்னத்துக்கும் வள்ளத்துக்கும் இடையில் இரண்டு விரல் தூரம். தெரியாதவனுக்கு அது காதல். பெரிதாக்கி, சட்டம் போட்டு, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் மாட்டினார். கிறிஸ்மஸ் முடிய முன்னமே கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் கலியாணம் முடித்தவர்கள் எல்லாம் "அந்தப் படம்போல" என்று கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைமாரெல்லாம் கண்ணைச் சரித்துக்கொண்டு நின்றார்கள். பாதிப்பேர் மாறுகண்ணாக விழுந்தார்கள்; அதை நான் பென்சிலால் நேராக்கினேன். அன்னம் பரணுக்குப் போனது. முதலாளி என்னை ஒரு நாள் 'ஆட்டிஸ்ட்' என்றுகூடச் சொன்னார். எதனால் வந்த புகழ் என்று நான் வாய் திறக்கவில்லை.

நாலு வருசம் கழித்து அந்த முதல் படத்துப் பெண் வந்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். கையில் துணியால் சுற்றிய படம்.

நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடற்தொழிலாளி, கறுப்புச் சேலை. இரண்டையும் கூட்டிப் பார்க்க நேரம் எடுக்கவில்லை. படத்தில் நான் வரைந்த வள்ளத்தோடு அவர் போனதாகவே எனக்குப் பட்டது. கதிரையில் கப்பல் கவிழ்ந்தவன்போல் இருந்துவிட்டேன்.

"கடலிலயா, பிள்ளை?" என்று முதலாளி கேட்டார்.

"இல்லை ஐயா. காய்ச்சல். பத்து நாள். கடல் அவரை ஒண்டும் செய்யேல்லை." அவள் படத்தை மேசையில் வைத்து அவிழ்த்தாள். "மாஸ்டர், எனக்கு இந்த வள்ளத்தைத் திருத்தித் தர ஏலுமோ?"

நான் படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன்.

"வீட்டை வாற எல்லாரும் சொல்லுவினம், 'பார், புருசன் உன்னை எப்பிடிப் பாக்கிறான்' எண்டு. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். 'அவளை ஆர் பாத்தது? நான் அந்த வள்ளத்தை எல்லே பாத்தனான்' எண்டு எல்லாருக்கும் சொல்லுவார். நாலு வருசம் இதே கதை. எனக்குக் கோவம் வரும். ஒருக்காப் படத்தைக் கழட்டிப் பெட்டிக்குள்ளயும் வைச்சனான்." படத்தின் ஓரத்தைத் துணியால் துடைத்தாள். "காய்ச்சலிலயும் அதைத்தான் பிசத்தினவர். கட்டையை மாத்தச் சொல்லு, அவை ரெண்டு பேரும் பாவம் எண்டு. எனக்கு வேற படம் இல்லை, மாஸ்டர். இது ஒண்டுதான்."

முதலாளிக்கு உடனே ஒரு வழி தோன்றியது. பழைய தட்டைத் தேடி எடுத்து, மறுபக்கமாகத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்துவிட்டால் கட்டை இடப்பக்கம் வந்துவிடுமே! அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அடுத்த நாள் எடுத்தே கொடுத்தார். கட்டை வந்தது. கூடவே பாயும் திரும்பி, காற்றும் வலப்பக்கமாக மாறிவிட்டது. வள்ளம் முன்போலவே கவிழ நின்றது. மாப்பிள்ளையின் தலை வகிடு மறுபக்கம் போயிருந்தது. கோட்டுப் பொத்தான்கள் பொம்பிளைச் சட்டைபோல.

"இது ஆர்?" என்று கேட்டாள் அவள்.

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். நான் தட்டை வாங்கிச் சாய்வு மேசையில் வைத்தேன். அவளுக்கு ஒரு கதிரை போட்டேன். "எனக்குத் தெரியாது, தங்கச்சி. நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன்," என்றேன். எட்டு வருசம் யன்னலோரம் இருந்து கடலைக் கரைத்துக் குடித்தவன் அப்படிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்ன பிறகு மனது லேசாக இருந்தது.

தட்டில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் கிடக்கும். இருப்பதை மறைக்க வேண்டுமானால் பூச வேண்டும். இல்லாததைக் கொண்டுவர வேண்டுமானால் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். வள்ளம் என் சுண்டுவிரல் நகமளவு. வலப்பக்கத்துக் கட்டையைப் பென்சிலால் புள்ளி புள்ளியாக அலைக்குள் புதைத்தேன். இடப்பக்கம் இரண்டு கொம்புகளையும் கட்டையையும் சுரண்டினேன். அவள் பூதக்கண்ணாடியை வாங்கி வாங்கிப் பார்த்தாள்.

"கட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி. வள்ளத்தோட ஒட்டி நிண்டா உதவாது."

சுரண்டினேன்.

"இது பலத்த காத்து, மாஸ்டர். உங்கட அலையைப் பாருங்கோ. இப்பிடிக் காத்துக்கு ரெண்டு பேரும் உள்ளுக்க இருக்க மாட்டினம். ஒராள் கொம்பில ஏறிக் கட்டைப் பக்கம் போய் இருக்க வேணும்."

அப்போதுதான் என் அலை நல்ல அலை என்று இந்தக் கரையைச் சேர்ந்த ஒருவர் ஒப்புக்கொண்டார். சந்தோசப்பட நேரமில்லை. ஓர் ஆளை வள்ளத்துக்குள் இருந்து அழித்து, கொம்பின்மேல் ஏற்றி வைத்தேன். கத்தி ஒரு மயிரளவு வழுக்கியிருந்தால் தட்டு போயிருக்கும். வேறு தட்டு கிடையாது, ஆளும் கிடையாது. மூன்று நாள் எடுத்தது. மூன்று நாளும் அவள் முகத்துவாரத்திலிருந்து நடந்து வந்தாள்.

பிரதி காய்ந்ததும் கையில் எடுத்தாள். முதலில் வள்ளத்தைத்தான் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள், பரீட்சை வைக்கிற மாதிரி:

"காத்து எந்தப் பக்கம், மாஸ்டர்?"

"இடப்பக்கம். கட்டைப் பக்கம்," என்றேன்.

"ஓம்," என்றாள். எழுந்து போய்ப் படப்பிடிப்பு அறையில் தொங்கிய திரையைப் பார்த்தாள். "இதையும் திருத்துங்கோ. வேற ஆக்களும் இதுக்கு முன்னால நிக்க வருவினம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே திருத்தினேன். நுரைக்குள் ஒளித்த என் இரண்டு எழுத்துகளின் மேலும் சுண்ணாம்பு பூசினேன். அதற்குப் பிறகு கடற்தொழிலாளிகள் எத்தனையோ பேர் வந்து நின்றார்கள். ஒருவரும் வள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

பிரதி வாங்கிய அன்று, அவள் போகுமுன் நான் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. குற்ற உணர்ச்சிக்கு என்னிடம் இருந்தது ஒரு பென்சில்தான். டச்சிங்காரனுக்குக் கண்ணைத் திருப்புவது இரண்டு புள்ளி வேலை. எத்தனையோ மாறுகண்ணை நேராக்கியிருக்கிறேன். அந்த இரண்டு விரல் தூரத்தையும் எடுத்துவிடலாம்.

"தங்கச்சி, வேணுமெண்டா கண்ணை இன்னும் கொஞ்சம் உங்கட பக்கம் திருப்பி விடுறன். உங்களையே பாக்கிற மாதிரி."

அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், நான் பறித்துவிடுவேனோ என்று பயந்தவள்போல.

"தொட வேண்டாம், மாஸ்டர். வள்ளம் இப்ப சரிதானே. இனி அவர் என்னைத்தான் பாக்கிறார்."